மெயினை அணைக்கிறவன் வீட்டு இன்டர்நெட்

ஆமத்தூரில் எங்கள் தெருவுக்கு முதலில் லேப்டாப் வாங்கியவன் நான். அதைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், பேசியது நிறைய. பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கிறவனுக்கு வாய் அப்படித்தான் பழகிவிடும். வானம் உறுமினால் ஷெட்டுகளை விட்டு ஆட்களை வெளியேற்றி மெயினை அணைப்பது என் பொறுப்பு. "மேகம் கருத்தா கை சுவிட்சுக்குப் போகணும், யோசிக்கப்படாது" என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். வீட்டிலும் அதே சட்டம்தான். இடி கேட்டால் டிவி, மிக்சி, மோடம் என்று கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி மூடியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. பிரசவத்துக்கு வந்திருந்த தங்கை, மகனைக் குளிப்பாட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. லீவு நாளில் பஸ் ஏறி, அங்கே டவுனில் ஓர் இன்டர்நெட் சென்டருக்கு வந்து காத்திருந்தார். "நேருல பாக்குற மாதிரியே காட்டுறேன்" என்று இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தவன் நான்.

லேப்டாப்பைத் திறந்தால் மூலையில், இன்டர்நெட் இல்லை என்று சிவப்புப் பெருக்கல் குறி. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. அதனால் மோடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அணைத்துப் போட்டேன், தலையில் தட்டினேன், துணியால் துடைத்தேன். வெளியே போகிற வயரை அணில் கடித்திருக்கும் என்றேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, கிடைத்த பெண்ணிடம், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கும்மா, ஒங்க பக்கந்தான் கோளாறு" என்று அதட்டினேன். மோடத்தோடு வந்த மஞ்சள் வயரை லேப்டாப்பில் சொருகிப் பார்க்கச் சொன்னாள். வயர் இல்லாத காலத்தில் வயர் எதற்கு என்று, அதை வெட்டித் தொட்டிலுக்குக் கொசுவலை கட்டியிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? லைன் கட்டானது மாதிரி போனை வைத்துவிட்டேன்.

"அண்ணே, தெரியலைன்னா சொல்லுங்க. ஆட்டோ பிடிச்சு விருதுநகர் சென்டருக்குப் போயிருவோம்" என்றாள் தங்கை.

"பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டா? எனக்கா தெரியாது? செத்த இரு."

தெரியாதுதான். நடுவில் மாப்பிள்ளை போனில் வந்தார். "அவசரமில்ல மச்சான். கடைய மூடுற வரைக்கும் இங்கனதான் இருப்பேன்" என்றார். நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து மேற்கே வானம் உறுமியது. கை யோசிக்கவில்லை. டிவியை அணைத்தது, மோடத்தை அணைத்தது, லேப்டாப்பின் முன்விளிம்பில் இருந்த பொடிச் சுவிட்சையும் தள்ளியது. தள்ளியதும் அதன் பக்கத்தில் நீல விளக்கு எரிந்தது. அணைக்கப் போனால் எரிகிறதே என்று குனிந்து பார்த்தேன். லேப்டாப்பில் வயர்லெஸ்ஸை நிறுத்தி வைப்பதற்கென்றே வைத்த சுவிட்ச். முந்தின நாள் இடியில், எதற்கென்றே தெரியாமல் அதையும் சேர்த்து அணைத்திருக்கிறேன். அணிலையும் அந்தப் பெண்ணையும் நினைத்து வெட்கமாக இருந்தது.

இனி மோடத்தைப் போட்டால் போதும். ஆனால் இடி நெருங்கிக்கொண்டிருந்தது. இடிக்கிறபோது சுவிட்சைப் போட்டவனை நான் வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறேன். தங்கை பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். பயந்துகொண்டேதான் மோடத்தைப் போட்டேன்.

மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்டத்தில் எங்கேயோ பெரிய இடி விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதான். என் கை தானாக மோடத்துச் சுவிட்சுக்குப் போனது. தங்கை அவசரமாக அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"தட்டாத, இங்கிட்டுத் திருப்பு. அழட்டும்" என்றார் மாப்பிள்ளை. "போன்ல எப்பக் கேட்டாலும் தூங்குறான்னுதான சொன்ன."

அவன் அழுது ஓய்கிற வரை மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. சுவிட்சில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.