கணவர் பெயருக்கான கட்டங்கள்

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் வருமான வரிப் படிவத்தை மாற்றினார்கள். எளிமைப்படுத்தியிருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். பம்பாய் மாட்டுங்காவில், வரிப் படிவம் நிரப்பித் தரும் எங்கள் ஆபீஸுக்குப் புதுக் கட்டு வந்து சேர்ந்த அன்று பிரித்துப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய படிவத்தில் கோடு இருந்தது. கோட்டின் மேல் சுருக்கியும் எழுதலாம், நீட்டியும் எழுதலாம். புதியதில் எல்லாம் கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, அதுவும் கொட்டை கொட்டையாக ஆங்கிலத்தில். ஜாதகக் கட்டமாவது பன்னிரண்டோடு நிற்கும். இது பக்கம் பக்கமாக ஓடியது.

முதல் வரியிலேயே குடும்பப் பெயர் கேட்டது. மராத்திக்காரருக்கும் குஜராத்திக்காரருக்கும் அது பிறக்கும்போதே உண்டு. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தாராவித் தமிழர்கள். பை தைப்பவர்கள், பெல்ட் வெட்டுபவர்கள், இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுபவர்கள். அவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஓர் இனிஷியல். ‘இனிஷியல் கூடாது, விரித்து எழுதுக’ என்று அடியில் பொடி எழுத்தில் ஓர் ஆணை. குர்லாவில் இதே தொழில் செய்த நண்பர் போனில் கத்தினார்: “இதப் போட்டவன் ஒரு தடவையாவது உக்காந்து நிரப்பிப் பாத்திருப்பானா ஓய்?” ஓர் எழுத்து கட்டத்தைத் தாண்டினால் வரி ஆபீஸ் கவுன்டரில் திருப்பித் தந்தார்கள். திருத்தினால் புதுப் படிவம் வேண்டும். புதுப் படிவமோ கிடைப்பதில்லை. அந்த ஜூலை முழுவதும் நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு முன்னால்கூட.

கடைசி நாளுக்கு முந்தின நாள், நல்ல மழையில், அந்த அம்மா வந்தார். தாராவியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் கார்கானா ஒன்றை நடத்திவந்தார். நாலு மிஷின். சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே. பிள்ளைகள் இல்லை. கார்கானா கணவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உல்லாஸ்நகருக்குப் பையில் வைத்துத் தைக்கும் பக்கிள் வாங்கப் போன மனிதர் திரும்பவில்லை. சண்டை இல்லை, கடிதம் இல்லை, பிணமும் கிடைக்கவில்லை. அந்த அம்மா மிஷின்களை நிறுத்தவில்லை. கணவர் வந்து பார்க்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பார். பை வாங்கும் கம்பெனி வரி கட்டிய காகிதம் கேட்டதால் தன் பெயரிலேயே தாக்கல் செய்துவந்தார். பழைய படிவத்தில் கணவர் பெயர்க் கோட்டில் ஒரே ஓர் எழுத்துப் போட்டுப் புள்ளி வைப்பேன். யாரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை கேட்டேன்.

“வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கோம்மா. முழுசா வேணும்.”

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த ஒத்த எழுத்தப் போடுங்க சார்.”

“இந்தத் தடவை நடக்காது. சொல்லுங்கோ.”

“எப்பிடி சார் சொல்லுவேன்? அவுக பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்லா. எங்கனயோ இருக்காக. நான் வாயத் தொறந்து கொறைக்கவா?”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் ஆறு பேர் குடையை மடக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரேஷன் கார்டு இருக்கிறதா என்றேன். அது கணவரின் தம்பியிடம் சான்பாடாவில் இருந்தது. முனிசிபாலிட்டி லைசென்ஸைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு குறிப்புக் கொடுத்தார்: “திருச்செந்தூர்க் கடக்கரையில நிக்காகல்லா, அவுக பேருதான்.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பழைய எழுத்தும் கையில் இருந்தது, சாமியும் தெரிந்துவிட்டது. அந்த எழுத்தில் எனக்கு முதலில் தோன்றிய பெயரைக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். அந்த முருகனுக்கு அதே எழுத்தில் தொடங்கும் பெயர் இன்னும் நாலைந்து உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என் மாமாவுக்கே அவற்றில் ஒன்று. எழுதியதை ஒரு தடவை உரக்கப் படித்திருந்தால் போதும், அந்த அம்மா இல்லை என்று தலையை ஆட்டியிருப்பார். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மழைக்காலம் முடிந்தபின் வருமான வரி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. தாக்கல் செய்தபின் நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்திருந்த லைசென்ஸ் நகலில் கணவர் பெயர் ஒன்று, படிவத்தில் வேறொன்று. போனோம். அதிகாரி மராத்திக்காரர், மோசமானவர் இல்லை. மேஜையில் அந்தப் புதுப் படிவங்கள் கழுத்துவரை குவிந்திருந்தன, அவரும் என்னைப் போலவே நொந்திருந்தார். லைசென்ஸில் இருப்பதுதான் சரி, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

“எழுதினதும் நீதானே?” என்றார் இந்தியில். “உன்னை எப்படி நம்புவது? அந்தம்மா சொல்லட்டும்.” பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “பதி கா நாம் போலோ, பாயீ” என்று புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னார்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த மராத்திப் பெண் நிறுத்திவிட்டு, எங்களிலும் சொல்லமாட்டோம் சார், கல்யாண வீட்டில் கேட்டால் மட்டும் பாட்டுக்குள் வைத்துச் சொல்வோம் என்றாள். அதிகாரி அவள் பக்கம் திரும்பி, “இது கல்யாண வீடா?” என்று கேட்டார். அவள் மறுபடி டைப் அடிக்கத் தொடங்கினாள்.

எழுதிக் காட்டலாம்தான். அந்த அம்மாவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர ஒன்றும் எழுத வராது. திருத்தாமல் போனால் காகிதம் வராது, காகிதம் இல்லாமல் கம்பெனி அடுத்த ஆர்டர் தராது, மிஷின்கள் நிற்கும். கணவருக்காக ஓட்டிவந்த மிஷின்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “சொல்லிடுங்கோம்மா, ஒரு தடவைதானே” என்றேன்.

அந்த அம்மா தாலியை ரவிக்கைக்கு வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். சொன்னார். அதிகாரிக்குக் கேட்கவில்லை. “ஸோர் ஸே” என்றார், சத்தமாகச் சொல்லும்படி. இரண்டாம் தடவை அந்த அறை முழுவதும் கேட்கும்படி சொன்னார். அழகான பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதிகாரி திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, முத்திரை குத்தினார். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது.

படியிறங்கும்போது அந்த அம்மா அழவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “இதெல்லாம் நம்பிக்கைதாம்மா, ஒண்ணும் ஆகாது” என்றேன். பஸ் வந்தது. அந்த அம்மா ஏறிக்கொண்டார்.

அடுத்த வருஷமும் அதே படிவம்தான். அதற்குள் நாங்கள் எல்லோரும் பழகிப்போயிருந்தோம், திட்டுவதைக்கூட விட்டுவிட்டோம். அந்த அம்மா கூட்டமில்லாத நாளாகப் பார்த்து வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. நான் கவனிக்காததுபோல் பேனாவைத் திறந்தேன். கணவர் பெயர் வரிக்கு வந்ததும், நான் கேட்கும் முன்பே, யாரோ வழியில் பார்த்த ஆளின் பெயரைச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னார். நான் முதல் எழுத்தை எழுதப் போனேன்.

“அதுக்கு முன்னால ‘லேட்’டுன்னு போட்டுக்கிடுங்க சார்.”

பேனாவை எடுத்துவிட்டேன். “ஏதாவது சேதி வந்துதாம்மா? போலீஸ்லேருந்தா? அவர் தம்பி எழுதினாரா?”

“சேதி எதுக்கு சார்?” என்றார். “நாந்தான அன்னைக்கு ரெண்டு தடவ சொன்னேன்.”

அந்த மாதிரி நம்பிக்கைகள் எனக்கு இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அந்த மனிதரைக் கொன்றது நான்தான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. அந்த அம்மா சொன்னபடியே எழுதினேன். எழுதியதை இந்தத் தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். சரி என்று தலையை ஆட்டினார்.