இசட்டை எங்கே இறக்குவது?

ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது. லிஜின் ஆட்டோவின் பின்சீட்டில் கணக்கு நோட்டை விரிக்கிறான், மூடுகிறான், இறங்கிப்போய் முன்கண்ணாடியைத் துடைக்கிறான், மறுபடி வந்து விரிக்கிறான். இரணியல் ரயில் நிலையத்து ஆட்டோக்காரர்களில் இருப்புக் கொள்ளாத ஆள் இவன்தான். வாங்கிய சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு, யாராவது கூப்பிட்டார்களா என்று பார்க்கப் போவான். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். சாயா ஆறிப்போயிருக்கும்.

"காலுல வெந்நீர ஊத்திட்டுல்லா நிக்கான்" என்பார் பக்கத்து ஆட்டோ முத்துநாயகம்.

முப்பத்தெட்டு வயதில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. மற்ற பாடங்களெல்லாம் பள்ளியிலேயே தேறியாயிற்று. கணக்கு மட்டும் நான்கு தடவை காலை வாரிவிட்டது. மஸ்கட்டில் மச்சான் பார்த்து வைத்திருக்கும் டிரைவர் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். நாளைக் காலை ஐந்தாவது தடவை. அதற்குமேல் கம்பெனி காத்திருக்காதாம்.

மூன்று சமன்பாடுகள், மூன்று மாறிகள், நீக்கல் முறை. அங்கேதான் சறுக்கும். "எக்சு, ஒய்யி, இசட்டு, மூணு பேரும் வண்டியில இருக்கானுவ. ஒருத்தன எறக்கி விட்டாச்சுன்னா மத்த ரெண்டு பேருட்ட பேசிக்கிடலாம்" என்று தன் தொழில்பாஷையில் விளக்குவான். விளக்கம் சரிதான். ஆனால் முதல் இரண்டு சமன்பாடுகளில் இசட்டை இறக்குகிறவன், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஜோடி சேர்ப்பதற்குள் பொறுமை போய், சுளுவாகத் தெரிகிற ஒய்யை இறக்கிவிடுவான். கடைசியில் மூன்று பேரும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிற நமக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

மனைவி ஆன்ஸ்லின் நேற்றுதான் கண்டுபிடித்தாள். "ரெண்டு ட்ரிப்புலயும் ஒரே ஆளைத்தான் எறக்கணும். அங்க இசட்டுன்னா இங்கயும் இசட்டுதான். நீங்க என்னைக்கு ஒண்ணுல நின்னிருக்கிய?" என்றாள். லிஜினுக்குச் சுருக்கென்றது.

ரயில் வந்துவிட்டது. முதல் ஜோடியில் இசட் போயாயிற்று. இரண்டாவதில் ஒய், வா வா என்கிறது. லிஜின் இடதுகை ஆள்காட்டி விரலை இசட்டின்மேல் அழுத்தி ஊன்றிக்கொள்கிறான்.

"தக்கலைக்கு வருமா?" பெட்டியோடு ஒருவர் நிற்கிறார்.

"ஏலே மக்கா, ஒன்னயத்தான் கூப்பிடுதாவ!" என்கிறார் முத்துநாயகம்.

லிஜின் தலையைத் தூக்கவில்லை. விரல் இசட்டின்மேலேயே இருக்க, வலக்கைப் பேனாவால் முத்துநாயகத்தின் வண்டியைக் காட்டுகிறான்.