ஜெயராஜ் சார் நிறுத்திப் பார்த்த சக்கரம்

“சார், நீங்க சயின்ஸ் வாத்தியார். சொல்லுங்க, சக்கரம் கழண்டு போவாம எது பிடிச்சிக்கினு இருக்குது?” என்று ஜெயராஜ் சார் ஒருமுறை என்னிடம் கேட்டார். நட்டு என்றேன். “நட்டு எதைப் பிடிச்சிக்கினு இருக்குது?” என்றார் விடாமல். போன வாரம் அவர் மகன் டேவிட் தொலைபேசியில், “அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு சார்” என்று சொன்னபோது, ஏனோ அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அவரிடம் புவியியல் படித்த உங்களுக்கு அவருடைய வெள்ளை அம்பாசடரைத் தெரியாமல் இருக்காது. அதன் இரும்புச் சக்கரங்கள் துருப்பிடித்ததும் டேவிட் விற்கச் சொன்னான். “இன்னொரு தடவ நடுரோட்ல நின்னுச்சின்னா வித்துடுவேன்பா.” ஆனால் முழங்கால் வலிக்காரரான சாரின் மனைவி மேரி அம்மா அந்த அகலமான சீட்டில்தான் காலை நீட்டி உட்கார முடியும். ஞாயிறு மாலைகளில் தாமல் ஏரிக்கரைக்கு அவரைக் கூட்டிப்போவது சாரின் வழக்கம்.

வண்டியை விற்காமல், சார் துருப்பிடிக்காத அலாய் சக்கரங்கள் வாங்கிவந்தார். அவை உள்பக்கம் ஸ்டியரிங் கம்பியில் உரசின. திறக்கும் கதவு சுவரில் இடிக்காமலிருக்க நடுவே கட்டை வைக்கிறோமே, அதுபோல சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற உலோக வளையம் வைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஆனால் வளையத்தின் கனம் போல்ட்டின் நீளத்தைத் தின்றுவிட்டது. நட்டுக்கு நுனிதான் மிச்சம்.

“போதும் சார், ஓடும்” என்றார் பிள்ளையார்பாளையத்து மெக்கானிக் ஏகாம்பரம்.

“ஓடும்பா. சக்கரம் ஒரு பக்கம் ஓடும், நாங்க ஒரு பக்கம் ஓடணும்.”

நீளமான போல்ட் வரும்வரை அவர் வண்டியைத் தொடவில்லை.

அது வந்த அன்று ஆயுத பூஜை. ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைத்த ஏகாம்பரம், புது வளையங்களுக்கும் கெட்டியாக வைத்து அப்படியே மாட்டிவிட்டார். எலுமிச்சம்பழம் நசுக்கி, சாரும் மேரி அம்மாவும் நானும் ஏரிக்கரைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் ஸ்டியரிங் லேசாக நடுங்கியது.

“ஓட்டுங்க, ஏரி வந்துடும். நின்னா டேவிட்டுக்குத் தெரிஞ்சிடும்” என்றார் மேரி அம்மா.

“தெரியட்டும்மா.”

வண்டியை ஓரங்கட்டி ஸ்பேனர் போட்டார். இறுகியிருக்க வேண்டிய நட்டுகள் சுலபமாகத் திரும்பின. அவரே டேவிட்டுக்குப் போன் செய்தார். அவன் ஏகாம்பரத்தைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். சக்கரத்தைக் கழற்றினால், வளையத்துக்குப் பின்னால் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அது உதிர்ந்த இடத்தில் உண்டான இடைவெளிதான் நட்டுகளைத் தளர்த்தியிருந்தது.

“தொடச்சா சாமி கோச்சிக்குமா சார்?” என்றார் ஏகாம்பரம்.

“சாமிக்கு முன்கண்ணாடில எடம் குடுப்பா. ரெண்டு இரும்புக்கு நடுவுல வச்சி ஏன் நசுக்கற?”

டேவிட்கூடச் சிரித்துவிட்டான். துடைத்து மாட்டினார்கள். பிறகு என்னைத் தனியே அழைத்து, “அப்பா நிறுத்தினதாலதான் சார் அம்மா முழுசா இருக்காங்க” என்றான். வண்டியை விற்கும் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து அதே வண்டியில் டேவிட் என்னை வீட்டில் விட வந்தான். வழியில் நிறுத்தினான். “காலைல பஞ்சர் ஆயி சக்கரம் மாத்தினேன் சார், ஒரு தடவ பாத்துடறேன்” என்று ஸ்பேனரோடு இறங்கினான். முன்சீட்டில் மேரி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எல்லா நட்டும் பாருப்பா.”

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நிறுத்தத்தைத்தான். நீங்களும் அடுத்த முறை சக்கரம் மாற்றினால், கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பாருங்கள்.