ரூம் எடுத்தவர்களுக்கு வழி இல்லை

அந்த விடுதி மேனேஜரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவன் தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வான். சமையற்கட்டுக்குப் பின்னால் கம்பிவேலி ஓரம் நின்றுகொண்டு, "கெஸ்ட் இதுக்கு மேல வரக்கூடாது மேடம்" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சிரித்தானே, அந்தச் சிரிப்பு இத்தனை வருஷமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வரும். ஹாரனை ஓங்கி அடிப்பேன். முன்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிற டிராக்டர்காரன் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று ஒதுங்குவான்.

எனக்காக வந்த கோபம் இல்லை இது. என் அண்ணி லூர்துமேரிக்காக.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது எண்பத்து மூன்றில். அவருடைய அப்பா எங்கள் திண்டிவனத்துப் பக்கம், வல்லத்துக்காரர். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வாலிப வயதில் வால்பாறைக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். எஸ்டேட்டை ஒட்டி மழைக்காடு. அண்ணி பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கே, மேல் லைனில். லைன் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. வீடு என்றால் ஓர் அறை. அண்ணிக்குப் பன்னிரண்டு வயதில் அவருடைய அம்மா வியாகுலமேரி காய்ச்சலில் போய்விட்டார். லைனுக்குப் பின்னால் இருந்த கூலிக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். எண்பத்து மூன்றில் எஸ்டேட்டை மூடினார்கள். அப்பனும் மகளும் ஒரு தகரப் பெட்டியோடு திண்டிவனத்தில் வந்து இறங்கினார்கள். மூன்றாம் மாதம் என் அண்ணன் இருதயராஜுக்குக் கட்டிவைத்தார்கள். அண்ணியின் அம்மா மட்டும் மலையிலேயே இருந்துவிட்டார்.

எங்கள் ஊர் வெயில் அண்ணிக்குக் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தால் போட்டது போட்டபடி வாசலில் போய் நிற்பார்.

"உங்க ஊருல மழ வருது, போவுது. எங்க ஊருல மழதான் இருக்கும். நாங்கதான் வருவோம், போவோம்" என்பார்.

"ஆமா, அட்டப்பூச்சிக்கு வாக்கப்பட வேண்டியவ, தப்பி எனக்கு வாக்கப்பட்டுட்டா" என்பான் அண்ணன். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிவிட்டு வந்த அலுப்பில் இருந்தாலும் இந்தக் கேலிக்கு மட்டும் அவனுக்குத் தெம்பு இருக்கும்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஊரே கல்லறையில் இருக்கும். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு சாமியார் வந்து மந்திரிக்கக் காத்திருப்பார்கள். தங்கள் ஆட்கள் தூரதேசத்தில் புதைந்திருக்கிறவர்கள் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். அண்ணி வருஷா வருஷம் அங்கேதான் வைப்பார். வைத்துவிட்டு மற்றவர்களின் கல்லறைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வருஷம் என்னிடம் சொன்னார்: "உங்க அம்மாவுக்கு சுண்ணாம்பு அடிக்கிற இல்ல சவரி, எனக்கும் ஒரு நாளு எங்கம்மாவுக்கு என் கையால அடிக்கணும். அவ்ளோதான் கேக்கறேன். வேற இன்னா கேட்டேன்?"

சுண்ணாம்பு மட்டையை நீட்டினேன். எங்கள் அம்மாவின் கல்லறைக்கு ஒரு பக்கம் அடித்துவிட்டுக் கொடுத்தார்.

அண்ணன் மகள் வெனிலா படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். இரண்டாயிரத்துப் பத்தில் ஒரு நாள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "அம்மா, இது உன் எஸ்டேட்டா பாரு" என்றாள். மழைக்காட்டு எக்கோ லாட்ஜ் என்று போட்டு வழவழவென்று படங்கள். அண்ணிக்கு எதுவும் பிடிபடவில்லை. ஒரு படத்தில் மட்டும் பலாமரக் கிளையில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. காலையில் கூலிகளைப் பெயர் எழுதக் கூப்பிடுவதற்கு அடிப்பது. அண்ணி திரையில் விரலை வைத்தார். "இதுதான். இதுக்கு நேரா மூணாவது வாசப்படி எங்களுது" என்றார்.

மூடின எஸ்டேட்டின் மேல் லைனை யாரோ வாங்கி விடுதி ஆக்கியிருக்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு ஆறாயிரத்து ஐந்நூறு. சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்து பாத்திரம் தேய்க்கிற அண்ணிக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல். வெனிலா பிடிவாதமாக ரூம் போட்டாள். மே மாதம் என் சுமோவில் நாலு பேரும் போனோம்.

நாற்பது வளைவு ஏறி, உடம்பு நொந்து போய்ச் சேர்ந்தால், இறங்கினதும் தொன்னையில் அவித்த மல்லாட்டை கொடுத்து வரவேற்றார்கள். திண்டிவனத்துக்காரனுக்கு மல்லாட்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சின்ன மண்சட்டியில் கேப்பைக் கூழ், நூற்றெண்பது ரூபாய். "நம்ம ஊரு மண்டியில இருந்து நான்தான் ஏத்தி வுட்டிருப்பேன்" என்று அண்ணன் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காலை ஏழிலிருந்து எட்டுவரைதான் சுடுதண்ணீர். விளக்கு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. கேட்டால் சூரிய சக்தி என்றான் மேனேஜர். ஜன்னலைத் திறந்தால் குரங்கு வரும், திறக்காதே என்றான்.

அண்ணி இதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது வாசற்படியைத் தேடினார். சுவர்களை இடித்து இரண்டு வீட்டை ஒன்றாக்கி இருந்தார்கள். அவர் பிறந்த மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்த குளியலறை இருந்தது. சாயங்காலம் மழை பிடித்தது. அண்ணி கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். மழை கொட்டுகிறது, சத்தமே இல்லை. தகரத்தைப் பிடுங்கிவிட்டுக் கான்கிரீட் போட்டு, அழகுக்கு மேலே புல் வேய்ந்திருக்கிறார்கள்.

"மழயக் கூட வாயப் பொத்தி வச்சிருக்கான்" என்றார்.

கல்லறைக்கு வழி கேட்டார் அண்ணி. காட்டுப் பாதையை மூடியாகிவிட்டது, விருந்தாளிகள் காட்சி முனைவரைதான் போகலாம் என்றார்கள். இங்கே பிறந்தவள் என்று சொல்லச் சொன்னேன். "லைன்காரின்னு தெரிஞ்சா ரூம்ல இருந்து எறக்கி வுட்டாலும் வுடுவான். பேசாம இரு" என்று என் வாயை அடைத்தார்.

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கே போவது என்று முடிவு செய்தோம். வெனிலாதான் மறுபடி ரூம் போட்டாள்; அண்ணியும் நானும் மட்டும் போவதாக ஏற்பாடு. முதல் நாள் விழுப்புரம் மார்க்கெட்டில் நானே சாமந்தி வாங்கினேன். அண்ணி ஒரு துணிப்பையில் சுண்ணாம்புப் பொட்டலம், மட்டை, மெழுகுவர்த்தி எல்லாம் எடுத்துவைத்தார். இந்தத் தடவை கேட்டுக் கெஞ்சியாவது போய்விடுவது என்று திட்டம்.

நவம்பர் இரண்டு, காலை ஆறு மணி. விருந்தாளிகளை டீக்குக் கூப்பிட அந்தத் தண்டவாளத்தை அடித்தான் ஒருவன். அடித்த சத்தம் அடங்குவதற்குள் அண்ணி எழுந்து வெளியே வந்துவிட்டார். சின்ன வயதில் பழகின உடம்பு. வந்தவர் சும்மா நின்றாரா? மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து வராந்தாவைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து ரூம் அம்மாள் கதவைத் திறந்து, "ஏம்மா, ரெண்டு துண்டு கொண்டா" என்றாள். அண்ணி, "இதோ கொண்டாறேங்க" என்று சமையற்கட்டுப் பக்கம் போனார்.

அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் வீரம்மாள். பழைய எஸ்டேட் ஆள். அண்ணியை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்.

"புதுசா? எந்த ஊரு?"

"இந்த ஊருதான். மேல் லைனு, மூணாம் வீடு. வியாகுலமேரி மவ."

வீரம்மாள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாராம். "கல்லறைக்கா வந்த? ஏழு மணிக்கு நாங்க விறகுக்குப் போவோம். அந்த வழிதான். வேலைக்காரங்கள எவனும் கேக்கமாட்டான். நாலஞ்சு கல்லு இன்னும் நிக்குது, வந்துரு."

அண்ணி துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். டிரைவர்கள் ஷெட்டில் படுத்துவிட்டு அப்போதுதான் வந்துகொண்டிருந்தேன். அவர் வாய் திறந்து என்னிடம் சொல்லும் முன்னால் அந்தப் பக்கத்து ரூம்காரி, "துண்டு கேட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? அப்படியே அந்தச் செருப்பையும் துடைச்சு வை" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "யார்கிட்ட பேசற? அவங்க நாலாம் நம்பர் ரூமு. உன்ன மாதிரியே துட்டு குடுத்து வந்தவங்க. கூப்புடுடா மேனேஜர" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை.

மேனேஜர் ஓடிவந்தான். கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். பழத்தட்டு கொண்டுவரச் சொன்னான். வேலையாட்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்து, "மேடம் நம்ம கெஸ்ட், முகத்தப் பார்த்து வச்சுக்குங்க" என்றான். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஏழு மணிக்கு விறகுக்குப் போகிறவர்கள் அரிவாளோடு வேலி தாண்டினார்கள். அண்ணி பையோடு பின்னால் போனார். மேனேஜர் குறுக்கே வந்து நின்றான்.

"கெஸ்ட் இதுக்கு மேல வரக்கூடாது மேடம். யானை நடமாட்டம் இருக்கு. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்க லைசென்ஸ் போயிடும்."

"அவங்க போறாங்களே?"

"அவங்க வொர்க்கர்ஸ் மேடம்."

"நான் இங்க பொறந்தவ சார். எங்கம்மா அங்கதான் இருக்குது."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம் மேடம். அத எங்க விசிட்டர் புக்குல அவசியம் எழுதுங்க."

அப்போதுதான் சிரித்தான். வீரம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மேனேஜர் நிற்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அண்ணி வேலிக்கு இந்தப் பக்கமே மெழுகுவர்த்தியை நட்டு மூன்று தீக்குச்சி கிழித்தார். தூறலில் ஒன்றும் பிடிக்கவில்லை. விறகுக்காரர்கள் திரும்புவதற்குள் எங்கள் நேரம் முடிந்தது என்று ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

நாற்பது வளைவும் இறங்கி வந்தோம். பொள்ளாச்சி டீக்கடையில்தான் கேட்டார்.

"நீ ஏன் சவரி கத்துன?"

"உங்களப் போயி வேலக்காரின்னு சொன்னா பாத்துக்கினு இருக்கச் சொல்றீங்களா?"

"வேலக்காரிதான. பள்ளிக்கூடத்துல நான் இன்னா பண்றேன்? அந்த செருப்பத் தொடச்சி வச்சிருந்தா இந்நேரம் எங்கம்மாகிட்ட உக்காந்திருப்பேன்."

டீ ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் போகவே முடியவில்லை. அண்ணிக்குக் கிட்னி கெட்டுவிட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை விழுப்புரத்தில் ரத்தம் சுத்தம் பண்ண நான்தான் கூட்டிப்போவேன். முடிந்து திரும்பும்போது பின் சீட்டில் துவண்டு கிடப்பார். இரண்டாயிரத்துப் பதினைந்து ஐப்பசியில் நல்ல மழை. மயிலம் தாண்டும்போது அடித்துப் பெய்தது. நான் ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கப் போனேன்.

"மரத்தடி வேணாம் சவரி. வெட்டவெளியில நிறுத்து."

நிறுத்தினேன். சுமோவின் கூரைத் தகரத்தில் மழை மொத்தமாக விழுந்தது. பேச்சுக்குரல் கேட்காத அளவுக்குச் சத்தம். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சநேரம் கழித்து முன் சீட்டுப் பக்கம் சாய்ந்து, என் காதோரம் பேசினார்.

"இதான். இப்பிடித்தான் இருக்கும்."

"வர்ற திருநாளுக்குப் போலாம் அண்ணி. உடம்பு தேறட்டும்."

"நான் போவ முடியாது. பேசாத, சொல்றதக் கேளு. நீ போ. ரூம் எடுக்காத. நல்ல சட்ட போட்டுக்கினு போவாத. வண்டியக் கீழ பாலத்துலயே வுட்டுட்டு நடந்து போ. முன்வாச வேணாம், சமையக்கட்டுப் பக்கமா போயி வீரம்மாவக் கேளு. எவனாச்சும் துண்டு கேட்டா எடுத்துக் குடு, வாயத் தொறக்காத. எது எங்கம்மா கல்லுன்னு உனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிடு. நடுவுல நின்னு வியாகுலம்மான்னு கூப்டு. ரெண்டு வாட்டி வந்துச்சு உன் பொண்ணு, ரூம் எடுத்துக்கினு வந்ததால வுடலன்னு சொல்லு. தீப்பெட்டிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மடியில வச்சிக்கினு போ. அங்க மழ நிக்காது."