எட்டு மணிக்கு மேல் அனுமதி இல்லை

தொண்ணூறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போன முதல் பெண் நான்தான். அந்தத் தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அந்தக் குளிரூட்டிய லேபைப் பற்றி வீட்டில் பீற்றிக்கொண்டே இருப்பேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த அக்காதான் அலுக்காமல் கேட்பாள்.

கடைசி வருடம், ஏதாவது ஒரு கம்பெனிக்கு நிஜமாகவே பயன்படுகிற மாதிரி ப்ராஜெக்ட் செய்யச் சொன்னார்கள். எனக்கு எந்தக் கம்பெனிக்காரரைத் தெரியும்?

"ஏட்டி, எங்க மொதலாளி புதுசா கம்ப்யூட்டர் வாங்கி, சந்தனம் குங்குமம் வச்சு மூடியே போட்டிருக்காவ. நான் கேட்டுப் பாக்கேன்" என்றாள் அக்கா. கேட்டு, சம்மதமும் வாங்கி வந்தாள்.

ஆட்களின் வருகைப்பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது என்று முடிவானது. கேட்டில் உட்கார்ந்து பேர் எழுதும் அண்ணாச்சியிடம், "காலைல எத்தன மணிக்குப் பேர் எழுதுறத நிறுத்துவீங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். "எட்டு மணிக்கும்மா" என்றார் அண்ணாச்சி. வேறென்ன சொல்வார்? எங்கள் ஊர் பஸ் நேரத்துக்கு வந்து சேர்வதே அபூர்வம். அதில் வரும் பெண்கள் இறங்கி ஓடிவரும்வரை அவர் பேனாவை மூடாமல், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அக்காவுக்கு அது தினசரி நடப்பு. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அவளிடம் கேட்கத் தோன்றவில்லை. படித்தவள் இல்லையா நான்?

எட்டு தாண்டி ஓர் ஆளின் டோக்கன் நம்பரை அடித்தால் ஒரு சத்தம் எழுப்பி, 'அனுமதி இல்லை' என்று சிவப்பில் காட்டும்படி ப்ரோகிராம் எழுதினேன். கல்லூரியில் எல்லோரும் பாராட்டினார்கள். முதலாளியோ, அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலையே கொடுத்துவிட்டார்.

நான் சேர்ந்த அன்றுதான் ப்ரோகிராமும் ஓடத் தொடங்கியது. அக்காவும் நானும் ஒரே பஸ்ஸில் போனோம். கூட வந்த பெண்களிடமெல்லாம் அக்கா என்னைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்தாள். பஸ் அன்றும் லேட். ஓடிப்போய் நின்றவர்களின் நம்பரை அண்ணாச்சி ஒவ்வொன்றாக அடித்தார். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அக்காவின் நம்பருக்கும்தான். ஆபீஸ்காரர்களுக்கு எட்டரை மணி என்பதால் என்னை யாரும் தடுக்கவில்லை.

"ஒன் மெசின் எங்கள உள்ள விட மாட்டேங்குட்டி" என்று சிரித்த அக்கா, "நீ போ. மொத நாளே லேட்டாக்காத" என்றாள். நான் உள்ளே போனேன்.

ப்ரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், கால் மணி நேரம் கூட்டிவிடலாம். முதலாளியிடம் கேட்டேன். "லேட்டா வாரவங்கள நிறுத்தத்தானம்மா ஒனக்கு வேலையே குடுத்திருக்கு" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து அக்கா இருட்டோடு கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்தாள். சோறு பொங்கி, என் டிபன் பாக்ஸை நிறைத்து வைத்துவிட்டு, தான் ஒரு வாய் சாப்பிடாமல் ஓடுவாள். நான் அவளுடைய பழைய பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போனேன். அது லேட்டானாலும் எனக்கு ஒன்றும் ஆகாது.