சார்ட்டக்காவின் விண்கப்பல்

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அஞ்சு ஆகாது" என்று முணுமுணுத்தபடி சார்ட்டக்கா லேப்டாப் திரையில் ஒரு சுவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார். காதில் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. திரையில் பாதி கட்டிய விண்கப்பல் ஒன்று மிதக்கிறது. குண்டு அடுக்கிய அறையிலிருந்து பீரங்கிவரை ஓர் ஆள் நடந்து போக எத்தனை தப்படி ஆகிறது என்று விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். நாலுக்கு மேல் போனால் அவருக்குப் பொறுக்காது.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பஸ் டெப்போவில் டூட்டி சார்ட் போடுபவர். எந்த பஸ்ஸை யார் எடுப்பது, எங்கே ஆள் மாறுவது, இறங்கியவர் எந்த கேன்டீனில் எத்தனை நிமிஷம் சாப்பிடுவது என்று நானூறு பேரின் நாள் முழுவதும் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நான் அதே டெப்போவில் ஸ்டோர் கீப்பர். குடியிருப்பதும் அவர் வீட்டுக்கு நேர் மேலே. ஆகவே வேலை நாளிலும் அவரிடமிருந்து தப்ப முடியாது, விடுமுறையிலும் முடியாது.

சார்ட் விஷயத்தில் அவரிடம் யார் சிபாரிசும் செல்லாது. ஒரு டிரைவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், "அண்ணே, கெஞ்சாதீங்க. காரணம் சொல்லுங்க" என்பார். காரணம் நியாயமாக இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுப்பார். ஓடாது என்று தெரிந்த சார்ட்டில் மட்டும் மேலதிகாரியே சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டார். தற்காலிக ஆட்களின் பெயரைப் பென்சிலால் எழுதுவார், நிரந்தர ஆட்களின் பெயரைப் பேனாவால். தன் பெயர் முதன்முதலாகப் பேனாவில் வந்த நாளன்று நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்ட டிரைவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டிலும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவருக்குக் குப்பையும் செடிகளும். அக்காவுக்குச் சமையலும் கடைவேலையும். கல்யாணமாகி நாலு வருஷமான மகளுக்கு இன்னும் பேனாவில் எழுதிய கட்டம் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி மடிப்பது அவள் பொறுப்பு. மாப்பிள்ளைக்கு மட்டும் கட்டம் கிடையாது. ஏன் என்று ஒருநாள் வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். "வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு டூட்டி போடுவாங்களா? நல்லா கேட்டீங்க போங்க" என்று என் மானத்தை வாங்கிவிட்டார்.

மாப்பிள்ளை பாலம் கட்டும் கம்பெனியில் வரைபடம் போடுபவர். தங்கமான மனிதர், ஆனால் வாயைப் பிடுங்கினாலும் பேச்சு வராது. முதல் மூன்று வருஷமும் ஞாயிறுதோறும் வந்து சோபாவின் ஓரத்தில், யாரோ எழுந்திருக்கச் சொல்லப் போகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருப்பார். போதுமா என்றால் போதும் அத்தை, வேண்டுமா என்றால் வேண்டாம் அத்தை. அதற்குமேல் அந்த வீட்டில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. அக்காவுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நாம் என்ன குறை வைத்தோம் என்று என்னிடமே பத்துத் தடவை கேட்டிருப்பார்.

போன வருஷம் ஒரு ஞாயிறன்று மாப்பிள்ளை லேப்டாப்பில் ஏதோ கேம் ஆடிக்கொண்டிருந்தார். அறை அறையாக ஒட்டி விண்கப்பல் கட்ட வேண்டும். எறும்பளவு ஆட்கள் உள்ளே நடமாடி, குண்டைத் தூக்கிப்போய் பீரங்கியில் போடுவார்கள். இரண்டு கப்பல்களை மோதவிட்டால் எது மிஞ்சுகிறதோ அது வென்றது. காபி கொண்டுவந்த அக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரு கதவுக்கு வெளியே பன்னிரண்டு பேர் குண்டும் கையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை. "மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஆளுங்க ஏன் வாசல்லயே நிக்கிறாங்க?" என்றார். காபி ஆறிப்போனதை அன்றைக்கு இரண்டு பேருமே கவனிக்கவில்லை என்று கணவர் பிற்பாடு சொன்னார்.

அன்றிலிருந்து அக்காவும் கப்பல் கட்ட ஆரம்பித்துவிட்டார். இருவரும் கட்டுகிற விதம் அடியோடு வேறு. மாப்பிள்ளை வெளியிலிருந்து தொடங்குவார். அம்பு முனைபோல ஒரு வடிவம், இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றுபோல், சுற்றிலும் கனத்த கவசத் தகடு, மூக்கில் ஒரே ஒரு ராட்சதப் பீரங்கி. பார்த்தால் கண் எடுக்க முடியாது. ஆட்களைக் கடைசியில் மிஞ்சிய சந்துபொந்துகளில் திணித்துவிடுவார். அக்கா முதலில் போடுவது கட்டில். தூங்கி எழுந்தவன் எந்த வழியாகப் போவான், எதிரே வருகிறவன் எப்படி விலகுவான் என்று நடைபாதை போடுவார். பிறகுதான் பீரங்கி, அதுவும் சின்னச் சின்னதாகப் பத்து. எல்லா அறைக்கும் இரண்டு கதவு. வெளித்தோற்றம் எங்கே போய் முடிகிறதோ அதுதான் வடிவம். வீடு மாற்றுகிறவர்கள் லாரியில் ஏற்றிய சாமான்மாதிரி இருக்கும்.

"அத்தை, இது கப்பலா?" என்று மாப்பிள்ளை முதல்முறை கேட்டாராம். "ஓடுதுல்ல?" என்றாராம் அக்கா. பீரங்கி எவ்வளவு பெரிது என்று மாப்பிள்ளை விளக்கியதற்கு, "பீரங்கியா சுடுது? ஆளுதான சுடுறான். அவன் வந்து சேர வேணாமா?" என்பதே பதில். நானும் ஆசைப்பட்டு ஒரு கப்பல் கட்டினேன். ஐந்து இன்ஜின் வைத்தேன், ஓட்டுபவன் அறைக்குக் கதவு வைக்க மறந்துவிட்டேன். அதை இன்றுவரை டெப்போவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஞாயிறு மாலை மூன்று மணிக்குப் போட்டி. நான்தான் நடுவர், வேறு வேலை இல்லாதவன் என்பதால். மோதுவதற்கு முன் பத்து நிமிஷம் ஒருவர் கப்பலை மற்றவர் திறந்து பார்க்கலாம் என்பது மாப்பிள்ளை போட்ட விதி. அந்தப் பத்து நிமிஷத்தில் அவர் பேசுவதுதான் வாரம் முழுவதற்குமான பேச்சு. ஏழு வாரம் போட்டி நடந்தது. ஏழிலும் அக்காவே ஜெயித்தார்.

ஏழாவது தோல்விக்குப் பிறகு மாப்பிள்ளை, வேலை இருக்கிறது என்று அரைமணி முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போதாக்குறைக்கு மகள் போன் செய்து, "அவரு எதையும் வெளிய காட்டிக்க மாட்டாரும்மா. இந்த வாரமாவது தோத்துத் தொலையேன்" என்றாளாம். மனிதர் மறுபடி சோபா ஓரத்துக்கே போய்விட்டால் என்ன செய்வது என்பதே அக்காவின் பயம்.

சனிக்கிழமை என் ஸ்டோருக்கு வந்தவர், பிரேக் ஆயில் டப்பாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு, திருட்டை ஒப்புக்கொள்கிறவர்போல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். குண்டு அறையிலிருந்து இடதுபக்கப் பீரங்கிகளுக்குப் போகும் கதவுகளை அடைத்துவிட்டாராம். இனி ஆட்கள் கப்பலையே சுற்றிக்கொண்டு பத்தொன்பது தப்படி நடக்க வேண்டும். "பத்தொன்பது. குண்டைத் தூக்கிக்கிட்டு" என்றார். கேம்தானே அக்கா என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடுத்த டப்பாவை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாரும் கூடத்தில் இருந்தோம். மாப்பிள்ளை அக்காவின் கப்பலைத் திறந்தார். வழக்கமாக அதைப் பார்க்கும்போது தனக்குள் சிரித்துக்கொள்வார். அன்று சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்தை, குண்டு ரூம்லேர்ந்து இடது பக்கம் போற கதவு எங்க?"

"எடை குறையட்டுமேன்னு எடுத்துட்டேன் மாப்பிள்ளை."

"எடைக்காக நீங்க ஆளை நடக்க விடமாட்டீங்க" என்றார் அவர்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. மகள் மின்விசிறியை ஆராயத் தொடங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தேன்.

மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "ஏழு தடவை தோத்தேன். ஒரு தடவைகூட வருத்தமில்ல அத்தை. போன வாரம் கோவத்துல போகல. உங்க கப்பலைப் பார்த்ததும் ஒண்ணு தோணிச்சு, மறக்கறதுக்குள்ள வரைஞ்சுடணும்னு ஓடினேன். இப்ப விருந்தாளிக்கு விட்டுக் குடுக்கற மாதிரி விட்டுக் குடுக்கறீங்க பாருங்க, இதுதான் கஷ்டமா இருக்கு."

சொல்லிவிட்டு, அடைத்த இரண்டு கதவுகளையும் அவரே அதனதன் இடத்தில் வைத்தார். குண்டு அறை வாசலிலிருந்து பீரங்கிவரை விரலால் எண்ணிப் பார்த்தார். நாலு. மவுஸை அக்கா பக்கம் நகர்த்தினார்.

பிறகு தன் கப்பலைத் திறந்து காட்டினார். அம்பு முனை இல்லை. கட்டில்கள் நடுவில் இருந்தன. ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் சிறுத்து, பாலம் வரைகிற மனிதர் பட்டப்பகலில் செய்யக் கூசுகிற அலங்கோலம். எனக்கு அதைப் பார்த்ததும் கைதட்டத் தோன்றியது, நடுவராயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, வாங்க மாப்பிள்ளை" என்றார்.

அதுவரை நடந்ததிலேயே நீளமான சண்டை அதுதான். மாப்பிள்ளையின் குண்டு அக்காவின் வலது பக்கத்தையே பெயர்த்தது. ஆட்கள் இரண்டாவது கதவு வழியாக ஓடி மறுபக்கம் போய்ச் சுட்டார்கள். ஒரு கட்டத்தில் அக்காவிடம் மூன்று பீரங்கிதான் மிச்சம். அந்த மூன்றில் ஒன்றின் குண்டு, மாப்பிள்ளையின் கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் ரியாக்டரில் விழுந்து அது வெடித்தது. பக்கத்திலேயே கட்டில்கள். கப்பல் பொசுக்கென்று முடிந்துபோனது. எட்டாவது தோல்வி.

"ரியாக்டரை ஏன் அங்க வச்சீங்க?" என்று ஆற்றாமையோடு கேட்டார் அக்கா.

"நாலு தப்படிக்குள்ள இருக்கட்டும்னுதான் அத்தை."

"அதுக்குன்னு தலைமாட்டுலயா வைப்பாங்க?"

மாப்பிள்ளை சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சோபாவில் நன்றாகச் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மாமனார், கடையில் லென்ஸ் அளக்கிறவர்போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காபி டம்ளர்களை அடுக்கினாள்.

அக்கா எழுந்து ஃப்ரிட்ஜ் அருகே போனார். சார்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்து, ஸ்கேலை வைத்துப் புதிதாக ஒரு கோடு இழுத்தார். மகளின் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வந்தது. ஞாயிறு, பாத்திரம் என்று வரிசையை விரலால் ஓட்டிப் பார்த்தார். "அம்மா, அவருக்கு டூட்டியா?" என்றாள் மகள். பெயர் எழுதப் போன அக்கா, கையிலிருந்த பென்சிலை ஒரு கணம் பார்த்தார். அதைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவினார்.