பொட்டலான மூன்று மா

அன்று வயலில் அப்பா, அம்மா, நான். எதிரே, குத்தகையை யார் பெயரில் பதிவது என்று விசாரிக்க வந்த தாலுகா அதிகாரி. நிலத்துக்காரர் வரவில்லை, அவருடைய காரியக்காரர் குடையோடு வந்திருந்தார்.

கீழ்வேளூருக்குக் கிழக்கே மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். அப்பா உழுததற்குச் சீட்டு எதுவும் கிடையாது. அதிகாரி அப்பா பெயரை எழுதிவிட்டால் எங்களை யாரும் வயலைவிட்டு எழுப்ப முடியாது.

முந்தைய வாரம் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மைதானத்தில் ஒரு புல் மிஞ்சாமல் வாத்தியார் எங்களைச் செதுக்கவைத்தார், பாராட்டும் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

"பெரிய ஆபீசர் வந்தா தரை சுத்தமா இருக்கணும்ப்பா" என்றேன்.

படித்த பிள்ளை சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? தெளித்த உளுந்து அந்த ஆண்டு மழையில் அழுகிவிட்டதால், வயலில் நின்றது நெல் அறுத்த தாள் மட்டும். இரண்டு நாள் மூவரும் அதை வேரோடு செதுக்கி, வரப்போரம் குவித்துக் கொளுத்தினோம். வயல் எங்கள் வாசலைவிடப் பளிச்சென்று ஆனது.

காரியக்காரர் குடையை நீட்டிக் காட்டினார். "பாருங்க சார், ஒத்தத் தாளு இல்ல. பொட்டலுங்க. இதுல இவன் என்னத்த அறுத்தானாம்?"

"நாங்கதாங்க செதுக்குனோம், ஐயா வர்றீங்கன்னு" என்றார் அப்பா.

"எனக்காகவா?" அதிகாரி சிரித்தேவிட்டார். "இங்க பாருப்பா, நெலத்துல இருக்கறதத்தான் நான் எழுத முடியும்."

அம்மா ஓடிப்போய்ச் சாம்பலை இரு கைகளிலும் அள்ளிவந்து நீட்டினாள். "இதாங்க எங்க தாளு."

"சாம்பல்ல யாரு பேரு போட்டிருக்கு?" என்றார் காரியக்காரர்.

அதிகாரி எழுதியதை நான்தான் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தேன்: 'பொட்டல். சாகுபடி இல்லை.' எழுத்துக் கூட்டாமல் படித்துவிட்டதில் எனக்கு அத்தனை பெருமை.

பிற்பாடு கும்பகோணத்தில் கல்லூரி அகராதியில் 'பொட்டல்' என்ற சொல்லைத் தேடிப் புரட்டினேன். பயிர்பச்சையற்ற வெறுந்தரை என்று பொருள் போட்டிருந்தது. எங்கே பிறந்த சொல் என்று இல்லை. எங்கள் வயலுக்கு அது வந்த வழி எனக்குத் தெரியும்: பள்ளிக்கூட மைதானத்திலிருந்து, என் வாய் வழியாக.

அப்பா என்னை அடிக்கவில்லை. மறுநாள், "பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சு, கெளம்பு" என்று அனுப்பிவிட்டு, மேல்மனு கொடுக்கத் தஞ்சாவூர் பஸ் ஏறினார். ஆறு ஆண்டுகள் ஏறினார். இரண்டாவது மனுவிலிருந்து என்னையே எழுதச் சொன்னார். கெடுத்தவன் கையிலேயே ஏன் பேனாவைக் கொடுக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முடிவில் ஒன்றரை மா அப்பா பெயரில் பதிவானது. அந்த ஒரு சொல்லுக்குப் போனது, மற்ற ஒன்றரை மா.